சனியைத் தேடிய ரிமோட்டும் பல் டாக்டரின் சர்க்கரை டப்பாவும்

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் எங்கள் பெண்ணும் அப்படியே இருக்க வேண்டும். கல்யாணமானதிலிருந்து நீங்கள் ஒரு நாள்கூட ஆபீசுக்கு லேட்டாகப் போனதில்லை என்று பெண் போனில் சொன்னாள். உச்சி குளிர்ந்துவிட்டது. பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்து, ஒரு நாளும் லேட்டாகாத எனக்கு இதைவிடப் பொருத்தமான மாப்பிள்ளை எங்கே கிடைப்பார்?

நிற்க. வீடு மாறும்வரை இருக்கட்டும் என்று எங்கள் மொட்டை மாடியில் வைத்துவிட்டுப் போன டெலஸ்கோப்பை ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போக வருவதாகச் சொன்னீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். கடிதம் கண்டதும் வந்து எடுத்துப் போங்கள். பொய் பேசுகிற சாமானுக்கு இந்த வீட்டில் இடமில்லை.

‘இதில் சனிக் கிரகத்தின் வளையம்கூடத் தெரியும்’ என்று நீங்கள் போகிறபோக்கில் சொன்னீர்கள் இல்லையா, அதை உங்கள் அத்தை பிடித்துக்கொண்டாள். முப்பத்து நான்கு வருஷத்தில் இது வேண்டும் அது வேண்டும் என்று வாயைத் திறக்காதவள், "அந்த வளையத்த ஒரு தடவ பாக்கணுங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஞாயித்துக்கெழமைக்குள்ள காட்டுறேன், இது சத்தியம்" என்று சொல்லிவிட்டு, அந்த வயர் வைத்த ரிமோட்டைக் கையில் எடுத்தேன். ஊர் கேட்டது, சொன்னேன். தேதி கேட்டது, அதிலும் மாசத்தை முதலில் போடு என்றது, போட்டேன். மணி கேட்டது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. கீழே ஓடிக் கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, படியேறி வர ஆகும் ஒரு நிமிஷத்தையும் கூட்டிப் பிசகாமல் போட்டேன். அது சாதாரணக் கடிகாரமா? அதைப் பார்த்துக் கிளம்பித்தானே நாற்பது நிமிஷ நடையைப் பதினைந்தே நிமிஷத்தில் முடித்து டெப்போ கடிகாரத்தின் முன்னால் போய் நிற்பேன், டிரைவர்கள் வாயைப் பிளப்பார்கள். திரும்பி வரும்போது மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலைக் களைப்பு.

ரிமோட் என்ன சொன்னதென்றால், நட்சத்திரத்தை நானே காட்டுகிறேன், நீ நடுவில் வைத்துப் பொத்தானை அமுக்கு என்றது. குழாய் மிக்ஸி மாதிரி உறுமிக்கொண்டு திரும்பி நின்றது. கண்ணை வைத்தால் நட்சத்திரத்தைக் காணோம். பக்கத்தில் பளிச்சென்று ஒன்று இருந்தது, சரி இதுதான் போல என்று அதை நடுவில் கொண்டுவந்து அமுக்கினேன். ‘வெற்றி’ என்று போட்டது! அது எதிர் அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டிமேல் இருக்கிற பல்பு என்று மறுநாள்தான் தெரிந்தது. பல்பை நட்சத்திரம் என்று நான் சொன்னால் வயசாகிவிட்டது என்று விடலாம், ரிமோட்டுக்கு என்ன கேடு?

அது தெரியாமல் அன்றைக்கே சனியைத் தேர்ந்தெடுத்து உங்கள் அத்தையைக் கூப்பிட்டேன். குழாய் சர்ரென்று இறங்கி எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடியைப் பார்த்து நின்றது.

"வளையம் தெரியுதா?"

"பல் டாக்டர் தெரியறாருங்க. தலைகீழா நின்னுக்கிட்டு சர்க்கரை டப்பாவுல ஸ்பூன விட்டு சாப்பிடறாரு."

ஒரே ஒரு சாக்லேட் தின்றதற்கு எனக்கு அரை மணி நேரம் பிரசங்கம் செய்த அதே டாக்டர்! அவரும் எங்களைப் பார்த்துவிட்டு ஸ்பூனும் கையுமாக ஏதோ கத்தினார். அந்தக் குழாயில் எல்லாமே தலைகீழாகத் தெரிந்ததால் திட்டுகிறாரா கும்பிடுகிறாரா என்று பிடிபடவில்லை. "சனி நம்ம பக்கம் வரவே கூடாதுன்னு ஊரே பயப்படுது, நீங்க மாடியேறி வா வான்னு கூப்பிடறீங்க, அப்பக்கூட வரமாட்டேங்குதே" என்று உங்கள் அத்தை சிரித்தாள்.

ரெண்டாம் நாள் ரிமோட்டில் குழாய் திரும்பும் வேகத்தை ஒன்பதில் வைத்துத் தொலைத்தேன். குழாய் சுத்துது, வயர் சுத்துது, கொடியில காஞ்ச போர்வையும் சேந்து சுத்துது, நடுவுல நான். கடைசியில் அவள்தான் வந்து பொட்டலம் பிரிப்பதுபோல என்னைப் பிரித்தெடுத்தாள். மூன்றாம் நாள் அவள் மாடிக்கே வரவில்லை. "பரவால்லைங்க, விடுங்க" என்றாள். அதுதான் மாப்பிள்ளை எனக்குத் தாங்கவில்லை. கேட்டதே ஒன்று, அதையும் என்னால் காட்ட முடியவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், ரிமோட் தொல்லையில்லாமல் நெடுநாள் வாழ வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படித்ததும் மறந்துவிடுங்கள். மறுபடி எழுதக் கை வலிக்கிறது, அதனால்தான் இதையே அனுப்புகிறேன். கவரில் போடுமுன் உங்கள் அத்தை வழக்கம்போல வாங்கிப் படித்தாள். சுவர்க்கடிகாரம் வந்த இடத்தில் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, அந்த மிஷினுக்கு மணி சரியா இருக்கணுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" கல்யாணமான புதுசில் நான் மூன்று நாள் வரிசையாக லேட்டாகப் போனேனாம். நாலாம் நாள் கடிகாரத்தை இருபத்தைந்து நிமிஷம் கூட்டி வைத்தாளாம். அப்புறம் குறைக்கவே இல்லை. என் போனுக்கும் அவள்தானே மணி வைத்துக் கொடுத்தாள்! ஆக, போகும்போது நான் பறக்கவும் இல்லை, வரும்போது களைக்கவும் இல்லை. கோபம் வருமென்று பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது.

இருட்டியதும் நிஜமான மணியைப் போட்டோம். நட்சத்திரம் சொன்ன இடத்தில் நின்றது. சனியும் வந்தது. உங்கள் அத்தை பார்த்தாள், எழுந்து போய்க் குழாயின் முன்பக்கம் யாராவது படம் ஒட்டியிருக்கிறார்களா என்று தடவினாள், மறுபடி வந்து பார்த்தாள். "இருக்குங்க, நெஜமாவே இருக்கு" என்று என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. பல் டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினோம். சர்க்கரையைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

ஆகவே டெலஸ்கோப்பை எடுக்க ஞாயிற்றுக்கிழமையும் வராதீர்கள், அடுத்த மாசமும் யோசித்து வாருங்கள். அப்படியே உங்கள் வீட்டுக் கடிகாரத்தையும் எதற்கும் ஒரு தடவை சரிபாருங்கள். கல்யாணம் முடிந்து கிளம்பும்போது உங்கள் அத்தை பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொல்லிக்கொடுத்தாள். நான் சமையல் என்று நினைத்திருந்தேன்.