லேத்துக்கு வந்த நம்பர் பெட்டி

கூச்ச சுபாவக்காரர்கள் செய்கிற தப்பெல்லாம் சத்தமில்லாமல்தான் நடக்கும். ஆனால் அது வெளியே வருகிற நேரத்தில் மட்டும் எப்படியோ நாலு பேர் கூடியிருப்பார்கள். சத்தம் போட்டுத் தப்பு செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களை யாராவது முதலிலேயே தடுத்துவிடுவார்கள்.

அடுகோடியில் எங்கள் வீட்டில் கார் நிற்க வேண்டிய ஷெட்டில் இரும்புக் கம்பி கடைகிற பழைய லேத் மிஷின் ஒன்று நிற்கிறது. என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் டர்னராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு வாங்கி வந்தார். (ஃப்ரிட்ஜ் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.) அக்கம்பக்கத்தில் யார் வீட்டு மிக்ஸி ஆடினாலும், தண்ணீர் மோட்டார் முனகினாலும், அதற்கு ஒரு உருப்படி கடைந்து கொடுப்பார். அதில்தான் அவர் சந்தோஷமாக இருந்தார்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குத் தெருக்கோடியில் போகிற பஸ்ஸின் நம்பர் தெரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற கோடு தெரியவில்லை. லேத்தின் கைப்பிடி வளையத்தில் மயிரிழை மாதிரிக் கோடுகள் இருக்கும். எத்தனை கோடு திருப்புகிறோமோ அவ்வளவுதான் கம்பி தேயும். கோடு எண்ணும் வேலை எனக்கு வந்தது.

"சரசா, எத்தனை?" என்று கத்துவார். தொழிற்சாலை சத்தத்தில் பாதிக் காது போனவர். எனக்கோ பிறந்ததிலிருந்தே குரல் எழும்பாது. நான் தொண்டை கிழியச் சொன்னால் அவரைத் தவிர தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டு மேரி, காய்கறி வண்டிக்காரன் முன்னாலேயே, "ஆன்ட்டி, இன்னிக்கு என்னா, இருபத்தாறுல நிக்குதா?" என்று கேட்பாள். எனக்கு உயிர் போகும்.

ஒரு நாள் தண்ணீர் மோட்டாரைக் கொண்டுவந்தவர் பக்கத்திலேயே நின்றுவிட்டார். வெளியாள் நின்றால் எனக்கு வாய் திறக்காது. விரலைக் காட்டினேன். பதினேழுக்கு விரல் போதவில்லை. அவருடைய மோட்டார் ஷாஃப்ட் வீணாகிவிட்டது.

விஷயம் எங்கள் மகன் சேகர் காதுக்குப் போயிற்று. அவன் பேங்க்கில் வேலை செய்கிறவன், ஊரின் மறு கோடியில், ஒயிட்ஃபீல்டில் இருக்கிறான்.

"போதும்பா. லேத்தை வித்துட்டு எங்க அபார்ட்மென்ட்டுக்கே வந்துடுங்க ரெண்டு பேரும்."

இவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அதைவிடப் பயம். அந்த அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் மாடிக்கு மாடி கதவு திறக்கும். ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தர் ஏறி, சிரித்து, குட் மார்னிங் சொல்வார். பதில் சொல்ல வேண்டும். ஒரு தடவை போனபோது அதற்குப் பயந்து படிக்கட்டில் இறங்கி, முட்டி வீங்கி, ஒரு வாரம் படுத்திருந்தேன்.

"டி.ஆர்.ஓ. மாட்டிட்டா கோடே பாக்க வேணாம்டா" என்றார் இவர். லேத்தில் ஒரு பட்டை மாட்ட வேண்டுமாம். அதன் மேல் ஒரு தலை ஓடுமாம். எவ்வளவு நகர்ந்தது என்று ஒரு பெட்டியில் பெரிய சிவப்பு எழுத்தில் நம்பர் வருமாம்.

சேகர் யோசித்தான். "சரி. விஜயதசமிக்கு வரேன். என் கண்ணு முன்னால ஒரு கம்பி கடைஞ்சி, அதுல நான் கொண்டு வர பேரிங் வளையம் ஆடாம உக்காரணும். உக்காந்திடுச்சின்னா நான் இனிமே வாயே தெறக்க மாட்டேன். பழைய மிஷின் வாங்குற ராஜண்ணாவையும் கையோட கூட்டிட்டு வருவேன், உக்காரலேன்னா ஏத்தி அனுப்பிடலாம்."

அதை வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு நானும் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன். "சார், ரெடிமேடே இருக்கு. வயசான காலத்துல ஏன் சார்?" என்றார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கு என்னா, கை இல்லியா?" என்று எல்லாவற்றையும் உதிரியாகவே வாங்கினார். பட்டையும் தலையும் மட்டும் முழுசாக இருந்தன. பெட்டி என்பது ஒரு பச்சைத் தகடும், ஒரு கைப்பிடி பொடிப் பொடிச் சாமானும்.

அந்தப் பொடிச் சாமான்கள் உருண்டு ஓடாமல் இருக்க என் அஞ்சறைப் பெட்டியைக் கழுவிக் கொடுத்தேன். அதில் சில சாமான்கள் அசல் துவரம்பருப்பு. நிறம், வடிவம் எல்லாம் அப்படியே, கால் மட்டும் இரண்டு உண்டு. சாம்பார் வைக்கும்போதெல்லாம் இவர் சமையலறைக்குள் வந்து குக்கரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போவார்.

நான் பூதக்கண்ணாடி பிடிக்க, போன் வெளிச்சம் பிடிக்க, அவர் ஈயம் பற்ற வைத்தார். கை நடுங்கிச் சொட்டு விழுந்ததில் சாப்பாட்டு மேஜை விரிப்பெல்லாம் அம்மைத் தழும்பு. முதல் தடவை கரண்ட் கொடுத்ததும் நம்பர் எல்லாம் தலைகீழாக வந்தது. நம்பர் எரிகிற கட்டையைத் திருப்பி மாட்டியிருந்தோம். "பெட்டியையே தலைகீழா வச்சிட்டா என்னா?" என்றேன். அவர் பார்த்த பார்வையில் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன்.

கடைசியில் வேலை செய்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லேத்தில் மாட்டி, கைப்பிடியைத் திருப்பினார். நம்பர் சமர்த்தாக ஒவ்வொன்றாக ஏறியது. "சரசா, உன் தொண்டைக்கு இனி லீவு" என்றார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குக் கொடுத்த பரிசுகளில் இதுதான் பெரிசு.

மறுநாள் ஆயுத பூஜை. அன்றைக்கு மிஷினை ஓட்டக்கூடாது, அது சும்மா நின்று பூஜையை வாங்கிக்கொள்ளும். இவர் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார். நான் வழக்கம்போல லேத்துக்குத் தலையிலிருந்து கால் வரை சந்தனம், குங்குமம் வைத்தேன். பெட்டிக்கு ஒன்று வைத்தேன். அப்புறம் அந்தப் பட்டையைப் பார்த்தேன். பளபளவென்று, ஓரத்தில், பொட்டில்லாமல் மொட்டையாக இருந்தது. நம் வீடும் வாசலும் இருப்பதா போவதா என்று நாளைக்கு முடிவு செய்யப் போவதே அதுதானே, அதைப் போய் வெறுமனே விடலாமா?

வரிசையாக, இடைவெளி பார்த்து, கோலப்புள்ளி மாதிரி முழுப் பட்டைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். விஜயதசமி காலையில் பார்த்தால் காய்ந்து உதிர்ந்திருந்தது. (அந்த முருகனே போதும் என்று உதிர்த்துவிட்டான் போல. எனக்குப் புரியவில்லை.) பன்னீர் விட்டுக் குழைத்து, இன்னும் கெட்டியாக வைத்தேன்.

பத்து மணிக்கு சேகர் வந்தான், பேரிங்கோடும் ராஜண்ணாவோடும். ராஜண்ணா வெள்ளைச் சட்டை, கழுத்துச் சங்கிலி, கன்னடம் கலந்த தமிழ். நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மோட்டாரைப் போட்டார். நம்பர் ஏறியது. நின்றது. திடீரென்று ஒரே தாவாக எங்கேயோ போயிற்று. திரும்பி வந்தது. இவர் கம்பியைப் பார்க்கவே இல்லை, பெட்டியையே பார்த்தார். பெட்டி இன்னும் நிறைய இருக்கிறது என்றது, இவரும் கடைந்தார். இன்னும் இருக்கிறது என்றது, இன்னும் கடைந்தார்.

சேகர் பேரிங்கை மாட்டினான். குழந்தை கையில் என் வளையலைப் போட்ட மாதிரி லொடலொடவென்று கீழே வந்தது.

மோட்டாரை நிறுத்தினார்கள். மிஷின் அசையாமல் நிற்கிறது, நம்பர் மட்டும் தன் பாட்டுக்கு ஓடுகிறது.

"ஐயோ சாமி" என்றார் ராஜண்ணா. "நம்ம ஊர் ஆட்டோ மீட்டர்கூட வண்டி நின்னா இவ்ளோ ஓடாது." லேத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மிஷின் உள்ளயே தேஞ்சி ஹோயித்து, சார். பழைய இரும்புக்குத்தான் எடுக்கலாம்."

இவர் மெதுவாகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார். "எடுத்துட்டுப் போங்க" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

சேகருக்கும் மனசு கேட்கவில்லை. "ஒயர் ஏதாவது கழண்டிருக்கும்பா" என்று பட்டைக்குக் கீழே கையை விட்டுத் தடவினான். வெளியே எடுத்த கையைப் பார்த்து அலறினான்.

"அப்பா, ரத்தம்!"

ராஜண்ணா அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டு போனார். முகம் மலர்ந்தது.

"ரத்தம் இல்ல சார். குங்குமமும் சந்தனமும். நல்ல சந்தனம்."

மூன்று பேரும் சேர்ந்தாற்போலக் கதவைப் பார்த்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன். பின்னால் சுவர் இருந்தது.

"சரசா" என்றார் இவர். "எத்தனை வச்சே?"

ஆள் நிற்கும்போது வாய் திறக்காதவள் நான். ஆனால் அந்த மனுஷர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கோலம் என்னைப் பேச வைத்தது. "பட்டை முழுக்கங்க! மிஷின் நல்லாத்தான் இருக்குது! யாரும் தூக்க வேணாம்!" என்று வந்தது. எதிர்வீட்டு மேரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஈரம் பட்டால் அந்தப் பட்டைக்குக் கணக்கு தப்பிவிடுமாம். பஞ்சும் ஸ்பிரிட்டும் கொடுத்து என்னையே துடைக்கச் சொன்னார் இவர். காய்ந்த பிறகு புதுக் கம்பி மாட்டினார். நம்பர் பழையபடி சமர்த்தாக ஏறியது. பேரிங் உட்கார்ந்தது. சேகர் ஆட்டிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான், அது வரவில்லை. சொன்ன சொல்படி வாயைத் திறக்கவில்லை. சிரிப்பதற்கு மட்டும் திறந்தான்.

ராஜண்ணா சுண்டலை வாங்கிக்கொண்டு, கதவைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மா, என் குடோன் பூஜைக்கு மட்டும் நீங்க பேடா. வேண்டவே வேண்டாம்."

லேத் இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது, நாங்களும் அடுகோடியில்தான் இருக்கிறோம். இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்று நான் சந்தனக் கிண்ணத்தோடு ஷெட்டுக்குள் நுழைந்தால், இவர் பட்டையைத் துண்டால் மூடிவிட்டு, அதற்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நெற்றியைக் காட்டுகிறார்.

"எத்தனை வேணும்னாலும் இங்க வை சரசா. இது ஏற்கெனவே கணக்கு தப்பின மிஷின்தான்."

போன வருஷம் நெற்றி நிறைந்து, வழுக்கை வரை வைத்தேன். சேகர் அதைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான்.