ஒரு வால்வும் ஒரு மச்சினனும்

என் வீட்டில் எனக்கென்று இருப்பது ஒரே ஓர் அறை. மீதியெல்லாம் மனைவியின் ராஜ்யம். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், பேச்சுச் சத்தம் எட்டாத ஒரு மூலை. அதை நம்பித்தான் இத்தனை வருஷம் இல்லறம் நடத்தினேன். போன மாதம் என் மச்சினனுக்கு இந்த ஊருக்கே வேலை மாற்றல் வந்தது. பிடித்தது சனி.

அக்கா வீடு இருக்கும்போது அவன் எதற்கு வெளியில் ரூம் தேட வேண்டும், உங்கள் அறையிலேயே தங்கட்டும் என்றாள் மனைவி. மச்சினன் தங்கமான பையன்தான். ஆனால் விடிவதற்குள் எழுந்து தண்டால் எடுப்பான். அதை வாய்விட்டு எண்ணவும் செய்வான். அது என் கட்டிலுக்குப் பக்கத்தில் நடக்கப் போவதை நினைத்து இப்போதே என் தூக்கம் போயிற்று.

அந்த நேரம் பார்த்துக் குளியலறை பாய்லர் மக்கர் செய்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீரை வெளியே விட்டுத் தொட்டியைக் காப்பாற்றும் சேஃப்டி வால்வு துருப்பிடித்து இறுகிவிட்டது. அப்படியே விட்டால் ஒருநாள் வெடிக்கும் என்று பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் பயமுறுத்திவிட்டு வெளியூர் போய்விட்டார். தம்பிக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு, கூப்பிடட்டுமா என்றாள் மனைவி. எனக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தால் கூடவே வாயும் வரும்.

"நானே மாட்டறேன். இதுக்காக உன் தம்பியை நான் கூப்பிட்டேன்னா, அவன் என் ரூம்லயே தங்கிக்கட்டும். கூப்பிடலைன்னா வெளியில ரூம் பாக்கட்டும்."

"சரிங்க" என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் உஷாராக வேண்டும். நான் ஆகவில்லை.

புது வால்வை அவளே கடைக்குப் போய் வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்து, தண்ணீரை அடைத்து, தொட்டியை வடித்தேன். பழைய வால்வு லேசில் வரவில்லை. ஸ்பானரைப் பிடித்துத் தொங்கினேன். ஸ்பானர் வந்தது, பின்னாலேயே நானும் வந்தேன், வால்வு மட்டும் வரவில்லை. அது கழன்றபோது என் முழங்கைத் தோலும் கழன்றிருந்தது. புது வால்வின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி முறுக்கினேன். தண்ணீரைத் திறந்தேன். கசிவே இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு மார்பை நிமிர்த்தினேன். தண்ணீர் சூடாகத் தொடங்கியதும் வால்வின் வாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

"சொட்டுதேங்க" என்றாள் மனைவி, ரொம்ப வருத்தமாக.

மறுபடி கழற்றினேன், மறுபடி சுற்றினேன், பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். பச்சைத் தண்ணீருக்கு வாயை மூடிக்கொண்டிருந்தது. சூடானதும் சொட்டியது. கடைக்காரன் தலையில் கட்டிய ஓட்டை வால்வோ என்று மனைவியிடமே கேட்டேன்.

"சரியான வால்வுதாங்க. நான் நல்லா விசாரிச்சுத்தான் வாங்கினேன்."

அப்படியானால் கோளாறு என் கையில்தான். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அறை போனால் போகட்டும், குடும்பத்தோடு வெடித்துச் சாக முடியாது. மனைவி போனை நீட்டினாள். தம்பியின் நம்பர் ஏற்கெனவே போட்டிருந்தது. நான் பேச வேண்டியதுதான் பாக்கி.

மச்சினன் பெட்டியும் படுக்கையுமாக வந்தான். வால்வைத் தடவினான், குனிந்து பார்த்தான்.

"யாரு மாமா மாட்டினது? கச்சிதமா இருக்கே."

"சொட்டுதேப்பா."

"சூடாகும்போது நாலு சொட்டு சொட்டத்தான் செய்யும் மாமா. வால்வு வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

நான் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தேன். "இது உனக்குத் தெரியுமா?"

"கடைக்காரர் சொன்னாரே. வால்வு சரியானதான்னுதான் நீங்க கேட்டீங்க, சொட்டலாமான்னு கேக்கவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே, தம்பியின் பெட்டியைத் தூக்கி என் கட்டில் மேல் வைத்தாள்.