விஜயதசமிக்கு விழ வேண்டிய கிளை

"இனிமேல் இந்த வீட்டில் மரம் வெட்ட வெளியாள் கால் வைக்கக்கூடாது. நானே வெட்டுவேன்!"

புரட்டாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இப்படிச் சபதம் போட்டேன். காரணம் முனிராஜ். எங்கள் நல்லம்பள்ளிப் பக்கத்தில் மரம் வெட்ட அவரை விட்டால் ஆள் கிடைக்காது. கொல்லையில் நிற்கும் வாகை மரத்தின் கிளை ஒன்று சமையலறைக் கூரை ஷீட் மேல் படுக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மழைக்கு முன் அதை எடுக்காவிட்டால் சமையலறையே போய்விடும். போன் செய்தால் முனிராஜ், "நாளைக்கு வரேங்க சார்" என்பார். மூன்று மாதமாக நாளைக்கு வந்துகொண்டிருக்கிறார்.

சபதத்தைக் கேட்டவர்கள் இரண்டு பேர். என் மனைவி பானுமதி, பக்கத்து வீட்டு ஷகிலா. மனைவி மட்டும் கேட்டிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாபஸ் வாங்கியிருப்பேன். பக்கத்து வீடு கேட்டுவிட்டால் அது கெஜட்டில் வந்த மாதிரி.

"எதுலீங்க வெட்டப் போறீங்க?" என்றாள் பானுமதி.

"பேட்டரி ரம்பம். ஒயர் கிடையாது, பெட்ரோல் கிடையாது. பட்டனை அமுக்கினா கிளை விழுந்துரும்."

"கிளை விழறது சரிங்க. நீங்க?"

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஷகிலா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. நான் அரசுப் பள்ளியில் வரலாற்று வாத்தியார். இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ போர்களை நடத்தி முடித்திருக்கிறேன். கையில் எடுத்த ஆயுதம் சாக்பீஸ் மட்டும்தான். உயரம் எனக்கு ஆகவே ஆகாது. காலண்டர் மாட்ட ஸ்டூல் மேல் ஏறினாலே பூமி சுற்றுவதை நேரில் பார்ப்பேன். இதெல்லாம் பானுமதிக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் உட்கார்ந்து நாற்பது வீடியோ பார்த்தேன். அதில் செயின் தெறித்த வீடியோ மட்டும் எட்டு. ரம்பத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டேன். பயமும் அதற்குத் தகுந்த மாதிரி வளர்ந்தது.

ஷகிலாவின் கணவர் நூர் பாஷாவுக்குக் கடைவீதியில் ஹார்டுவேர் கடை. நானும் பானுமதியும் அங்கே போனோம். பதினாறு அங்குலம், பன்னிரண்டு அங்குலம், ஆறு அங்குலம் என்று மூன்று ரம்பங்களை வரிசையாக வைத்தார்.

"பெருசையே எடுங்க," என்றாள் பானுமதி. "உங்க தோளுக்கு அதுதான் எடுப்பா இருக்கும்."

தூக்கினேன். நான் அதைத் தூக்கவில்லை, அது என்னை இறக்கியது.

"ஆனா இந்த ஆறு அங்குலம் மட்டும் வேண்டாங்க. பொம்பளைங்க ஒத்தக் கையில புடிச்சு முருங்கை வெட்டறது. உங்க கௌரவம் என்னாவறது?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் கிழக்கே கைகாட்டினால் நான் மேற்கே நடப்பேன். எங்கள் வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே சுதந்திரம் அதுதான்.

"ஆறு அங்குலந்தான்! பாஷா, பேக் பண்ணுங்க!"

"ஐயோ, என் பேச்சை எப்பக் கேட்டிருக்கீங்க?" என்று அலுத்துக்கொண்டாள்.

"பேட்டரி ஒண்ணா ரெண்டா சார்?" என்றார் பாஷா.

"ஒண்ணே போதும்." அதில் ஒரு திட்டம் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் வேலை நிற்கும். வேலை நின்றால் நான் தரையில் நிற்பேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷகிலாவுக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தேன். "ஆயுத பூஜைக்கு நாலே நாள் இருக்குது. பூஜை போடாம புது ஆயுதத்தை மரத்துல வெக்கக்கூடாது. விஜயதசமி அன்னைக்குக் காலையில ஒன்பது மணி, நல்ல நேரம். கிளை கீழே!"

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் பானுமதி சாமந்திப் பூ வாங்கப் போனாள். அறைக்கதவைச் சாத்தினேன். ரம்பத்தைக் கை நீட்டுகிற தூரத்துக்கு நீட்டி, கண்ணை மூடி, பட்டனை அமுக்கினேன். பேட்டரி தீரும்வரை காற்றை அறுத்தேன். என் வாழ்க்கையில் நான் அறுத்தது அந்தக் காற்று ஒன்றுதான்.

பூஜையன்று அரிவாள்மணை, மிக்சி, என் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் நடுவில் ரம்பம் சந்தனம் குங்குமத்தோடு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இன்னைக்குச் சார்ஜ் போடாத பானு. ஆயுதத்துக்கு ஓய்வு நாள். சார்ஜ் ஏத்தறதும் வேலைதான்."

"ஆமாங்க, தப்பு," என்றாள் உடனே. இருபது வருடக் குடித்தனத்தில் அவள் என் பேச்சை உடனே ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விஜயதசமி. ஒன்பது மணி. ஏணி சாத்தியாகிவிட்டது. ஷகிலா சுவரோரம் ஆஜர். ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்துப் பட்டனை அமுக்கினேன்.

"க்ர்" என்றது. அவ்வளவுதான்.

எனக்குள்ளே மேளம் கொட்டியது. முகத்தில் மட்டும் துக்கம். "அடடா! என்ன மெஷின் இது! நல்ல நேரம் வீணாப் போச்சே! இப்பவே பாஷாவை ஒரு வழி பண்றேன்." பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தேன். தப்பித்தேன்! வழியில் தென்பட்ட மரங்களையெல்லாம் பார்த்துச் சிரித்தேன். ஒன்றுக்கும் என்னால் ஆபத்தில்லை.

கடையில் பாஷா பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார். "இது காலிங்க சார். இன்னொண்ணைப் போட்டிருக்கலாமே?"

"இன்னொண்ணா?"

"நீங்க ஒண்ணு போதும்னீங்க. அக்கா கண்ணைக் காட்டினாங்க. பொட்டியில ரெண்டு வெச்சுட்டேன்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. "வாரண்டி கார்டு யார் பேர்ல இருக்குது?" என்றேன், சுரத்தில்லாமல்.

பாஷா வாரண்டி எழுதி வைத்த நோட்டைத் திருப்பிக் காட்டினார். பானுமதி, நல்லம்பள்ளி. தேதி, நான் சபதம் போட்டதற்கு மறுநாள்.

"அன்னைக்கே வந்து எல்லாத்தையும் கையில புடிச்சுப் பார்த்து, இந்த ஆறு அங்குலத்தை எடுத்து வெக்கச் சொல்லிட்டுப் போனாங்க சார். 'அவரு வருவாரு, பெருசை மொதல்ல காட்டுங்க'ன்னாங்க."

தெருமுனை திரும்பும்போதே ரம்பத்தின் சத்தம் கேட்டது.

ஏணியின் ஆறாவது படியில் பானுமதி. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். ரம்பத்தில் வைத்த சந்தனம்கூட இன்னும் அழியவில்லை. வெட்டுகிற கிளையைக் கயிற்றால் மேல்கிளையோடு சேர்த்து இழுத்துக் கட்டியிருந்தாள். அவள் ஏரியூர்ப் பக்கத்துப் பெண். சின்ன வயதில் புளியமரம் ஏறாத நாளே கிடையாது என்று நூறு தடவை சொல்லியிருக்கிறாள். நான்தான் அதைப் பரீட்சைக்கு வராத பாடமாக நினைத்துவிட்டேன். கீழே ஷகிலா ஏணியைப் பிடித்திருந்தாள்.

"பானு! இறங்கு!"

"கத்தாதீங்க. நீங்க ஏறியிருந்தாத்தான் எனக்கு உசுரு போயிருக்கும். காலண்டர் மாட்டறப்ப ஸ்டூலை யார் புடிச்சுக்கறதுன்னு என்னைக்காவது குனிஞ்சு பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. ஸ்டூல் ஆடாதது என் கால் பலம் என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தேன்.

"பேட்டரி தீர்ந்தது உனக்குத் தெரியுமா?"

"காத்தை அறுத்தீங்களே, பூக்கடை வரைக்கும் கேட்டுது. இன்னொண்ணை முன்னாடியே சார்ஜ் ஏத்தி அரிசி டின்னுல வெச்சிருந்தேன்."

"சார் வந்துட்டாரு அக்கா, நா போறேன். அடுப்புல கொழம்பு இருக்குது," என்று ஷகிலா ஏணியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். பானுமதி அறுத்து முடித்துக் கயிற்றைத் தளர்த்த, கிளை அதில் தொங்கி, ஷீட்டைத் தொடாமல், மெதுவாகக் கீழே இறங்கியது. என் கால் தரையில் இருந்தது. சமையலறை இடத்தில் இருந்தது. பானுமதியும் பத்திரமாக இறங்கிவிட்டாள். அப்பாடா! அந்தக் காலத்தில் ஜெயித்த ராஜாக்கள் வாகைப் பூச் சூடினார்கள் என்று பாடம் நடத்துவேன். எங்கள் வீட்டில் ஜெயித்தவள் தலை நிறைய வாகைத் தூள்.

அதற்குள் சுவருக்கு மேல் ஷகிலாவின் தலை மறுபடி தெரிந்தது. "அக்கா, எங்க வூட்டு முருங்கையும் சாஞ்சு கெடக்குது. வந்து வெட்டித் தரீங்களா?"

பானுமதி ரம்பத்தை ஊதித் துடைத்தாள். "இப்பவே வரேன் ஷகிலா. நீ கொழம்பைப் பாரு. ஏணி புடிக்க எங்க வூட்லயே ஆள் இருக்குது."