அமைச்சருக்குத் தெரியாமல் பூட்டிய கரையான்

விருந்தாளி வருகிறார் என்றால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாத மனிதன் உலகத்தில் இல்லை. பிள்ளைகளே, உங்கள் அப்பா அதை அரசாங்கத்திடமே செய்து காட்டியவன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேடுகள் இருக்கும் காப்பகம் ஒன்றில் நான் உதவியாளர். யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரைக் கட்டினார், எந்த நிலம் எவருடையது என்று ஊர்ச் சரித்திரமே அங்கேதான் கிடந்தது. பாரீசிலிருந்து பேரன்கள் தாத்தாவைத் தேடி வருவார்கள். பாதித் தாத்தாவைக் கரையான் தின்றிருக்கும். மீதித் தாத்தா மழையில் ஊறியிருப்பார்.

கூரையை மாற்றவும் மருந்தடிக்கவும் பணம் கேட்டு எங்கள் அதிகாரி விமலா அம்மா மனு மேல் மனு போட்டார். கடைசியில் அமைச்சரே நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

"நான் காலையில அவரோடவே வந்துடறேன். சாவிய நீங்க வச்சிக்குங்கண்ணே" என்றார் விமலா அம்மா என்னிடம்.

சாவி கைக்கு வந்ததும் எனக்குப் பொறுப்பு தலைக்கேறியது. அமைச்சர் வரும் இடம் அப்படியா கிடப்பது? மானம் போகாதா? சுண்ணாம்பு அடித்தேன். சுவரில் ஒழுகிய இடத்தில் பெரிய காலண்டராக மாட்டினேன். கரையான் அரித்த பதிவேட்டுக் கட்டுகளைப் பின்னறையில் போட்டுப் பூட்டி, கதவுக்குப் புது பெயிண்டும் அடித்தேன். பெரிய மார்க்கெட்டில் சாமந்திச் சரம் வாங்கி அலமாரிகளுக்குப் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். (ஆயுத பூஜை தோற்றது போங்கள்!)

காலையில் அமைச்சர் உள்ளே வந்தார். பின்னால் வந்த விமலா அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கோயில் மாதிரி இல்ல வச்சிருக்கீங்க! இதுக்கு எதுக்கும்மா பணம்? எங்க ஒழுவுது?" என்றார் அமைச்சர்.

"காலண்டருக்குப் பின்னாடி சார்" என்றார் விமலா அம்மா, என்னை முறைத்தபடி.

"கரையான்?"

"பின்னறையில இருக்குதுங்கய்யா. பூட்டி வச்சிருக்கேன்" என்றேன் நான்.

"கரையானையா?"

கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பணம் வாசற்படி இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஓடிப் பூட்டைத் திறந்தேன். கதவு அசையவில்லை, என் பெயிண்ட் காய்ந்து நிலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தோளால் ஒரே மோது மோதினேன்.

கதவு திறக்கவில்லை. நிலையோடு பெயர்ந்து விழுந்தது, என்னையும் சேர்த்துக்கொண்டு. நிலைக்கட்டைக்குள் மரமே இல்லை, எல்லாம் கரையான் மண்.

அமைச்சர் என்னைத் தாண்டி உள்ளே போய் ஒரு பதிவேட்டுக் கட்டை எடுத்தார். அது அவர் கையிலேயே பொடியாக உதிர்ந்தது. கூட வந்தவர்களின் சிரிப்பு நின்றுபோனது.

"இத மொதல்லயே காட்டறதுக்கு என்னய்யா?"

"மரியாதையா இருக்காதுங்களேன்னு..." என்றேன், கதவின் மேல் படுத்தபடியே.

பணம் வந்தது, கூரையும் வந்தது. ஆனால் இன்றைக்கும் நான் உடம்பு சரியில்லையென்று குளித்து, பவுடர் போட்டு, ஒரு மாத்திரையும் முழுங்கிவிட்டு டாக்டரிடம் கிளம்பினால், உங்கள் அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுக்கிறாள்:

"ஏங்க, காய்ச்சல கையோட எடுத்துக்கிட்டுப் போங்க. அதையும் பின்னறையில வச்சிப் பூட்டிட்டுப் போயிடாதீங்க!"