பெரியம்மாவைக் கிளாசில் ஊற்றிய கதை

எனக்குப் பதற்றம் வந்தால் நாக்கு என் பேச்சைக் கேட்காது. தன்பாட்டில் உண்மை பேசத் தொடங்கிவிடும். இந்த வியாதி உள்ளவன் பெண் பார்க்கும் விருந்துக்குப் போகலாம். ஆனால் அந்த விருந்தில் அவனே பரிமாறக் கூடாது.

கியூபெக்கின் லாசாலில் ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை முதலாளி திடீரென்று பரிமாறுபவனாக உயர்த்தினார். (வேறு ஆள் கிடைக்கவில்லை.) எந்த வைன் எந்தத் திராட்சையில் செய்தது, அதன் குணம் என்ன என்றெல்லாம் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. எதுவும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் திராட்சைக்கு ஒரு சொந்தக்காரர் என்று பிடித்துப் பாடமாக்கினேன். சாஞ்சோவேசே கொஞ்சம் புளிப்பு, ஆனால் எந்தச் சாப்பாட்டோடும் ஒத்துப்போகும்: அம்மா. மொந்தெபுல்சானோ நல்ல கறுப்பு, கொழுகொழு, ஒருவரையும் நோகடிக்காது: சித்தப்பா. நெபியோலோ பார்க்க வெளிறல், ரோசாப்பூ வாசம். வாயில் வைத்தால் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. பெரியம்மாவை விட்டால் வேறு யார்?

முதலாளி என்னைப் பிறவி மேதை என்றே நம்பினார்.

அந்த இலையுதிர் காலத்தில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் ஸ்டெல்லா, மன்னார்க் குடும்பம், வீடு பியர்பொன்ட்ஸில். பேசியது பெரியம்மா. "பொடியன் வேலை செய்யிற இடத்திலையே சாப்பிடுவம். அவன்ரை கெட்டித்தனத்தை அவையும் பாக்கட்டும்" என்று இரண்டு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் பதற்றத்தோடு வைனை ஊற்றினேன். ஸ்டெல்லாவின் அப்பா கிளாசைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன சாமான்?"

"பெரியம்மா, அங்கிள்."

"என்னடா, என்னையோ கூப்பிட்டனி?" என்றார் பெரியம்மா. ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.

"இல்லை, வைனைச் சொன்னனான். பாத்தா வெளிறல், நல்ல வாசம். வாயிலை வைச்சாத்தான் தெரியும்."

"என்ன தெரியும்?"

"துவர்ப்பு."

சித்தப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. ஸ்டெல்லாவின் அம்மா சிலுவை அடையாளம் போட்டார். ஸ்டெல்லாவின் அப்பா ஒரு மிடறு குடித்தார். பெரியம்மாவைப் பார்த்தார். மறுபடி குடித்தார்.

"தம்பி சரியாத்தான் சொல்லுறார்."

"இந்தக் கலியாணம் நடக்காது!" பெரியம்மா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார். (கார்ச் சாவி சித்தப்பாவிடம். வெளியே மழை. சற்று நேரத்தில் திரும்பி வந்து, அதே கதிரையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.)

வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று போத்தலோடு நின்றேன். அதுவரை வாயே திறக்காத ஸ்டெல்லா கிளாசை நீட்டினாள். "எனக்கும் கொஞ்சம் விடுங்கோ."

குடித்து, முகத்தைச் சுளித்து, பெரியம்மா பக்கம் திரும்பினாள். "நல்ல வைன், அன்ரி. லேசிலை விழுங்கேலாது. மரியாதையாத்தான் குடிக்கோணும்."

பெரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "பெட்டை பரவாயில்லை. பொடியன்தான் சரியில்லை."

கலியாணம் நடந்தது. ஆனால் எங்கள் மூத்தவளின் ஞானஸ்நானம் வரை பெரியம்மா என்னோடு கதைக்கவில்லை. குடும்பத்திலோ அவர் பெயரே நெபியோலோ என்றாகிவிட்டது.

போன நத்தார்ப் பண்டிகைக்கு அண்ணையின் மகள் தன் கியூபெக் காதலனைக் கூட்டிவந்தாள். எல்லோரும் சொல்வதைக் கேட்டு அதுதான் குடும்பப் பெயர் என்று நினைத்தான் போலும். நேரே போய்ப் பெரியம்மாவின் முன் குனிந்து, "போன்ஜூர், மதாம் நெபியோலோ" என்றான்.

பெரியம்மா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அவனிடம் ராணி மாதிரிக் கையை நீட்டி, பிரெஞ்சிலேயே ஓமென்று நன்றியும் சொன்னார்.

"வீ, வீ. மெர்ஸி."