மூன்று சிமிட்டல்

சமையலறை விளக்கு மூன்று தடவை சிமிட்டியதும் பிரேக் வாத்தியார் கையிலிருந்த தேநீர் அவர் கால்மேலேயே கொட்டியது. நன்றாகச் சுட்டது. ஆனாலும் அவர் கத்தவில்லை. கத்தினால் மனைவி ஓடிவந்து "என்ன ஆச்சு?" என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

அது வெளியே சொல்லக்கூடிய விஷயமா?

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்ள வந்தவர்களைப் பார்த்து "பிரேக்! பிரேக்!" என்று அவர் போட்ட கூச்சலே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. வண்டியைக் கிளப்புமுன் கண்ணை மூடிக் கும்பிடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பாரும்மா! பின்னாடி வர்ற லாரியைச் சாமியா வந்து நிறுத்தப்போகுது?" என்று எரிந்து விழுவார். அந்தக் குடியிருப்பின் நாத்திகர் மன்றத்தில் அவருக்குத்தான் குரல் பெரிது.

மன்றத்தின் தலைவர் மருந்துக்கடைக்காரர். வாத்தியாரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். போன வாரம் செத்துப்போனார். அதற்கு முதல் நாள், ஆஸ்பத்திரியில் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், ஒரு சோதனை பண்ணிப் பாத்துடலாமா?"

"என்ன சோதனை?"

"செத்ததுக்கப்புறம் ஏதாவது இருந்துச்சுன்னா, உன் வீட்டு விளக்கை மூணு தடவை சிமிட்டறேன்."

"ஒண்ணும் இருக்காதுடா."

"இருக்காதுன்னுதான் நானும் சொல்றேன். வாயால சொன்னாப் போதுமா? ஞாயித்துக்கிழமை எனக்கு இரங்கல் கூட்டம் போடுவீங்க இல்ல, அதுல எழுந்து, 'பாத்தேன், ஒண்ணுமில்லை'ன்னு சொல்லணும். பொய் மட்டும் சொல்லிடாதே. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே. தெரிஞ்சா எவனாவது சுவிட்சைத் தட்டி விளையாடுவான்."

வாத்தியார் சத்தியம் செய்து கொடுத்தார். எந்தச் சாமி மேல் என்று கேட்காதீர்கள். நண்பன் கையில் அடித்துத்தான் கொடுத்தார்.

இப்போது விளக்கு சிமிட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. "ஒண்ணுமில்லை" என்றால் பொய். "சிமிட்டினான்" என்றால் வாழ்நாள் முழுக்கப் பேசிய பேச்செல்லாம் காற்றோடு போச்சு. மன்றத்துக்கும் பூட்டுப் போட வேண்டியதுதான்.

"பல்புதான் பழசு," என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு, கடைக்கு ஓடிப் புதிய பல்பு வாங்கிவந்து மாட்டினார்.

பழைய பல்பு மங்கல், அது சிமிட்டினால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். புதியதோ சமையலறை மூலையில் ஒளிந்திருந்த கரப்பான்பூச்சியின் மீசையைக்கூடக் காட்டிக்கொடுத்தது. அது சிமிட்டியபோது கூடத்திலிருந்த மனைவிக்கே தெரிந்துவிட்டது.

"என்னங்க, புது பல்பு கண்ணடிக்குது?"

"கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்று சொல்லி வாத்தியார் பல்பையே கழற்றிவிட்டார். அன்று டார்ச் வெளிச்சத்தில் சமையல் நடந்தது. உப்பு விழ வேண்டிய இடத்தில் சர்க்கரை விழுந்தது. சாப்பிட உட்கார்ந்தால், கூடத்து விளக்கு சிமிட்டியது. தட்டை அப்படியே வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். அங்கேயும் சிமிட்டியது.

ஈர முகத்தோடு வெளியே வந்தவர், மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவளுக்குப் பயமாவது ஒன்றாவது! வாயெல்லாம் பல்.

"இத்தனை வருஷம் சாமி இல்லை, பூதம் இல்லைன்னு என் உயிரை வாங்கினீங்களே! இப்ப பாருங்க, அண்ணனே நேர்ல வந்துட்டார்!" என்றவள், அண்ணாந்து விளக்கைப் பார்த்து, "அண்ணே, சௌக்கியமா? அந்த இருமல் சரியாயிடுச்சா?" என்று விசாரித்தாள்.

விளக்கு சிமிட்டியது.

"சரியாயிடுச்சாம்!"

"நாலு தடவை சிமிட்டுச்சு," என்றார் வாத்தியார், கிடைத்த கொழுகொம்பைப் பிடித்துக்கொண்டு. "மூணுன்னுதான் பேச்சு."

"அவர் கணக்குல மக்குன்னு நீங்கதானே சொல்வீங்க?"

மறுநாள் எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். அந்த ஆள் ஒவ்வொரு சுவிட்சாகப் பிரித்து, வயரை வயராகத் தடவிப் பார்த்துவிட்டு, முகம் மலரச் சொன்னார்:

"தங்கமான வயரிங் சார். ஒரு குறை சொல்ல முடியாது."

வாத்தியார் விடவில்லை. "நல்லாப் பாருங்க. எலி கிலி கடிச்சிருக்கும்."

"எலி வந்த அடையாளமே இல்லை சார்."

"ஒரு சின்னக் குறைகூடவா இல்லை? கொஞ்சம் மனசு வைங்க."

"வீட்டுக்குள்ள இல்லை சார். எனக்கென்னவோ வெளியில..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள், வாத்தியார் மனைவி தேநீரோடு வந்தாள்.

"ஏங்க, செத்தவங்க வீட்டுக்கு வந்தா வயர்ல தெரியுமா? எங்க அண்ணன் ஒருத்தர் வந்திருக்கார்."

எலக்ட்ரீஷியன் தேநீரையும் குடிக்கவில்லை, பேச்சையும் முடிக்கவில்லை. டெஸ்டரைக்கூட மறந்துவிட்டு ஓடிப்போனார்.

வேலையிலும் வாத்தியாருக்கு மனம் ஓடவில்லை. பக்கத்தில் ஒரு பெண் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். எதிரே பச்சையாக ஏதோ விட்டுவிட்டு எரிவதைப் பார்த்ததும் வாத்தியார் தழுதழுத்தார்:

"என்னதாண்டா சொல்ல வர்றே?"

"லெஃப்ட்ல திரும்பப் போறேன்னு சொல்ல வர்றேன் சார்," என்றாள் அந்தப் பெண், நடுங்கிப்போய். அது இண்டிகேட்டர். அவள் திரும்பினாள். அங்கே தெரு இல்லை, குப்பைத்தொட்டிதான் இருந்தது. வாத்தியார் முதல்முறையாக "பிரேக்!" என்று கத்த மறந்துவிட்டார்.

சாயங்காலம் வக்கீலம்மா வீட்டில் மன்றத்துக் கூட்டம். இரங்கல் அறிவிப்பில் என்ன எழுதுவது என்று பேசத்தான். கண் டாக்டர் வந்திருந்தார். தாடிக்காரர் வந்திருந்தார். இவருக்குத் தாடியைத் தவிர வேறு தொழில் என்னவென்று யாருக்கும் தெரியாது.

"'மறைந்தார்'னு போடலாமா?" என்றார் கண் டாக்டர்.

"எங்க போய் ஒளிஞ்சுக்கிட்டார்?" என்றார் வக்கீலம்மா. கோர்ட்டில் கேட்கிற குரல்.

"'இயற்கை எய்தினார்'?"

"அதுவரைக்கும் செயற்கையாவா இருந்தார்?" என்று தாடிக்காரர் சீறினார்.

"சரிங்க, பச்சையா 'செத்துப்போனார்'னே எழுதிடுவோம்."

"போனார்னா? எங்க போனார்? போறதுக்கு ஒரு இடம் இருக்குன்னு நாமே ஒத்துக்கற மாதிரி ஆயிடாதா?"

இப்படியே வாதம் நீண்டது. பொழுது சாய்ந்து, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. வக்கீலம்மா விளக்கைப் போடவில்லை. "எதுக்கு வீணா கரண்ட்?" என்றார். "ஆமாமா, இருட்டும் கண்ணுக்கு நல்லதுதான்," என்றார் கண் டாக்டர். தாடிக்காரரும் தலையாட்டினார் போலிருக்கிறது, தாடி உரசுகிற சத்தம் கேட்டது. வாத்தியாருக்கு அப்பாடா என்றிருந்தது. இங்கேயும் அவன் வந்து சிமிட்டித் தொலைத்திருந்தால் மானமே போயிருக்கும்!

கடைசியில் இருட்டிலேயே தடவித் தடவி, 'எங்கள் தலைவர் இனி இல்லை' என்று எழுதினார்கள். எழுதி முடித்ததும் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

சனிக்கிழமை மாலை மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வாத்தியார், கழற்றி வைத்த பல்பைச் சமையலறையில் மறுபடியும் மாட்டினார். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

"டேய், நீதானா?"

விளக்கு அசையாமல் எரிந்தது. இத்தனை நாள் சிமிட்டிவிடுமோ என்று பயந்த மனிதருக்கு, இப்போது சிமிட்டாமல் போய்விடுமோ என்று பயம் வந்தது. கண் கூசக் கூசப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே காற்று வீசியது.

விளக்கு சிமிட்டியது. எத்தனை தடவை என்று அவர் எண்ணவில்லை.

"வந்துட்டியாடா," என்றார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நண்பன் செத்த அன்றுகூட அவர் அழவில்லை. மன்றத்துக்காரர் அழுதால் நாலு பேர் பார்ப்பார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர், இன்று மூக்கு ஒழுக ஒழுக அழுதார். பிறகு ஊர்க்கதையெல்லாம் சொன்னார். "உன் கடையில இப்ப உன் மச்சான் உக்காந்திருக்கான்டா. தலைவலின்னு போனா வயித்துவலிக்கு மாத்திரை தர்றான். எனக்கு உன்னை விட்டா யாருடா இருக்கா? சாயங்காலம் ஆச்சுன்னா கால் தன்னால உன் கடைப் பக்கம் போகுது. பாதியில ஞாபகம் வந்து திரும்பிடறேன்."

நாளைக்கு மேடையேறி "ஒண்ணுமில்லை" என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை செத்தவனைத் தன் வாயாலேயே இன்னொரு தடவை சாகடிப்பதா? "சிமிட்டினான்" என்று சொன்னாலோ ஊர் சிரிக்கும். எதைச் சொல்வது என்று தெரியாமலே விடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மன்றத்துக்குக் கிளம்பினார். தெருமுனை மின்கம்பத்தில் ஏணி சாய்த்து லைன்மேன் ஏறிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா கோளாறு?" என்று வழக்கம்போலக் கேட்டுவைத்தார்.

"மேல ஒரு ஜாயின்ட் தளர்ந்து கிடக்கு சார். காத்தடிச்சாப் போதும், இந்தக் கம்பத்துலேருந்து போற அத்தனை வீட்டுலயும் விளக்கு சிமிட்டும். போன வாரத்துலேருந்தே இப்படித்தான். இழுத்து முறுக்கினா சரியாப் போயிடும்."

வாத்தியார் நின்றுவிட்டார்.

அவ்வளவுதானா! பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் மனைவியிடம் உளறினதே போதாதா, வேறு யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதே! போகட்டும், மானம் தப்பியது. பொய்யில்லாமல், தலை நிமிர்ந்து, "பாத்தேன், ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிடலாம். சொன்ன சொல்லும் காப்பாற்றியாகிவிட்டது, கொள்கையும் பிழைத்தது. மனிதர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

இரண்டடி நடந்தார். திரும்பி வந்தார். ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இதை இன்னிக்கே சரிபண்ணணுமா?"

"என்ன சார்?"

"இல்லப்பா, நாலு நாள் போகட்டுமே. விளக்கு சும்மா கண்ணைத்தானே சிமிட்டுது, யாருக்கு என்ன கெடுதல்?" குரல் உடைந்தது. அதை மறைக்க இருமினார். "எனக்காக விட்டுடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

தன் வாயிலிருந்தா அந்த வார்த்தை வந்தது என்று அவருக்கே தூக்கிவாரிப்போட்டது.

லைன்மேன் பெருமூச்சு விட்டு, ஏணியின் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"காலையிலேருந்து என்னை ஏறவும் விடாம, இறங்கவும் விடாம இந்த ஏணியைக் கட்டிப்பிடிச்சு அழுதா எப்படி சார்? வக்கீலம்மா, கண் டாக்டர், தாடிக்காரர்னு உங்க நாத்திகர் மன்றத்துல ஒருத்தர் பாக்கியில்லை, எல்லாரும் தனித்தனியா வந்து, 'அவர் எங்கிட்ட இன்னும் பேசி முடிக்கலை, சரிபண்ணிடாதே'ன்னு கெஞ்சிட்டுப் போயிட்டாங்க!"