தூசிமேகத்தைப் படமெடுத்த அழுங்கும் முள்ளம்பன்றியும்

ஒரு காட்டில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, நடக்கப் பாதை கிடையாது. ஆனால் அந்தக் காட்டுக்குச் சொந்தமாக விண்வெளியில் ஒரு அகச்சிவப்புத் தொலைநோக்கி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வெப்பத்தைப் பார்த்து, தூசிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற நட்சத்திரங்களையும் அது காட்டிவிடும். அதை யார் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்வது தேவாங்கு. கண் பெரிதாக இருந்ததால் அதற்கு அந்தப் பதவி கிடைத்தது. வேறு தகுதி கேட்கப்படவில்லை.

அந்த வருடம் ஒரு பெரிய தூசிமேகத்தை வரைபடமாக்க வேண்டியிருந்தது. தொலைநோக்கியின் பார்வையோ சின்னது. மேகத்தைக் கட்டம் கட்டமாகப் படமெடுத்து ஒட்ட வேண்டும். ஒரு பாதியை, உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னியான அழுங்குக்கும் மறுபாதியை முள்ளம்பன்றிக்கும் தேவாங்கு கொடுத்தது. ஒருவருக்குத்தான் அடுத்த வருடமும் வேலை, மற்றவர் பழைய பிழைப்புக்கே போகலாம் என்றும் சொல்லிவிட்டது. அழுங்குக்கோ கறையான் தின்று தின்று வாழ்க்கையே வெறுத்துப் போயிருந்தது.

அழுங்கு தன் முதுகைத் திரும்பிப் பார்த்துத் திட்டம் போட்டது. செதில்மேல் செதிலாக ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தின் ஓரத்தை மூடியது. தொலைநோக்கி எப்போதும் சூரியனுக்கு முதுகு காட்டியே நிற்கும். படமெடுக்கும் தேதி தள்ளிப்போனால் சூரியனுக்கு ஏற்ப அதுவும் திரும்பி, கட்டங்கள் சாய்ந்துவிடும். அதற்கும் இடம் விட்டிருந்தது. பாவம், அவ்வளவு பொறுப்பு. முள்ளம்பன்றியும் தன் முதுகைத்தான் பார்த்தது. இங்கே ஒரு முள், அங்கே ஒரு முள் என்று கட்டங்களை இடைவெளி விட்டுப் போட்டது. வேலை முடிந்தது என்று தூங்கப் போய்விட்டது.

தேதி தள்ளித்தான் போனது. கட்டங்களும் சாய்ந்தன. அழுங்கின் படம் பொத்தல் இல்லாமல் வந்தது. உள்ளே அப்போதுதான் பிறந்த ஒரு குட்டி நட்சத்திரம். சந்தோஷத்தில் பந்தாகச் சுருண்ட அழுங்கு அவிழவே நேரமானது. முள்ளம்பன்றியின் படமோ எலி கடித்த வேட்டி மாதிரி இருந்தது.

தேவாங்கு அழுங்கின் படத்தை உற்றுப் பார்த்தது. "இதுல இன்னும் பார்க்க என்ன பாக்கி இருக்கு?"

"ஒண்ணுமே பாக்கி இல்லீங்க ஐயா," என்றது அழுங்கு பெருமையாக.

"அப்ப அடுத்த வருசம் உனக்கு வேலை இல்லை."

முள்ளம்பன்றியிடமும் அதே கேள்வி. அது பொத்தல்களைக் காட்டி, பிரபஞ்சத்தின் ரகசியமே அதற்குள்தான் இருப்பதாகத் தன் உள்மனம் சொல்கிறது என்றது. தேவாங்கின் கண் இன்னும் பெரிதானது. உடனே ஐந்து வருடத்துக்குத் தொலைநோக்கியை ஒதுக்கி, கூடவே ஒரு உதவியாளரையும் வைத்துக்கொள்ளச் சொன்னது.

கறையான் புற்றை நினைத்து அழுங்கு நிஜமாகவே அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முள்ளம்பன்றியிடம் போய் அந்த உதவியாளர் வேலையைக் கேட்டது.

"சேர்த்துக்கிறேன்," என்றது முள்ளம்பன்றி. "ஆனா பழக்கதோஷத்துல மேகத்தை முடிச்சுத் தொலைச்சிடாதே."

நீதி: வானத்தை முழுசாகப் பார்த்துவிடாதீர்கள், நாளைக்கும் சாப்பிட வேண்டும்.